உறைவிட வைத்தியப் பயிற்சியும் அதன் தலைமைக் குழுவும்

கற்றவன் ஒருவன், தான் கற்ற தொழிலைத் தனித்துநின்று செய்யத் தகுதியுடையவனாகும் நாள் எது? அதனை அறிந்து சொல்லவல்லார் யாவர்? இவ்வினா எல்லாத் தொழில்களுக்கும் பொதுவானதே. எழுதப் பழகும் மாணவன் பிழைபடின் கொப்பியில் ஒரு சிவப்புக் கோடு விழும். தச்சுப் பழகுவோன் பிழைபடின் ஒரு பலகை பாழாகும். வைத்தியம் பழகுவோன் பிழைபடினோ ஓர் உயிர் நீங்குதலுங் கூடும். அதற்கஞ்சி அவனை என்றுமே தனித்துநிற்க விடாது வைத்திருப்போமாயின், இன்றைய வைத்தியர் முதுமையுற்று ஓய்வுபெறுங் காலத்தில் நோயாளரைக் காக்க எவரும் இலராவர். விடுதலும் இடர், விடாமையும் இடர்.

இவ்விடரை அமெரிக்க ஐக்கிய நாட்டு வைத்தியசாலைகள் நூறாண்டுகளுக்கு மேலாக எவ்வாறு கையாண்டு வருகின்றன என்பதையும், அங்கே உள்மருத்துவப் பயிற்சியை நடாத்தும் தலைமைக் குழு எத்தகையது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வாம். எமது கல்லூரிப் பழைய மாணவருள் வைத்தியராய் விளங்குவோர் பலர். அவர்க்கு இவற்றுட் சில முன்னரே அறிந்தனவாதல் கூடும். வைத்தியராக விரும்பும் மாணவர்க்கும், கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட என்போன்றார்க்கும் இவ்வாராய்ச்சி பயன்தருமென நம்புகின்றேன்.

1. பெயரும் பொருளும்

உள்மருத்துவம் என்பது யாது? சத்திரசிகிச்சை, மகப்பேறு, குழந்தை வைத்தியம் என்பவற்றின் வேறாய், வளர்ந்தோர்க்கு இருதயம், நுரையீரல், ஈரல், சிறுநீரகம், குருதி முதலியவற்றில் உண்டாகும் நோய்களை ஆராய்ந்து துணிந்து, மருந்தினாலும் பிறவாற்றாலும் தீர்க்கும் துறை அது. இலங்கையில் இதனைப் பொது வைத்தியம் என வழங்குவர். அறுவைக் கத்தியைப் பெரிதும் வேண்டாத துறையாதலின் இதற்குச் சிந்தனையே முதற் கருவி. நோயாளி கூறுவதைப் பொறுமையுடன் கேட்டல், உடலைப் பரிசோதித்தல், ஐயுறத்தக்க நோய்களை நிரற்படுத்தல், அவற்றை ஒவ்வொன்றாய் விலக்கி உண்மை காண்டல் என்பன இதன் படிகள். இவ்வாற்றல் நூலை மட்டும் ஓதுதலால் வாராது. அறிந்தோர் அருகிருக்க, நோயாளர் பலரை நாடோறுங் கண்டு பழகுதலாலேயே வரும்.

அமெரிக்காவில் ஒருவர் பெரும்பாலும் நான்காண்டு கல்லூரிக் கல்வியும் அதன்மேல் நான்காண்டு வைத்தியக் கல்வியும் முடித்து வைத்தியப் பட்டம் பெறுகின்றார். பட்டம் பெற்றும் அவர் உள்மருத்துவ வல்லுநர் ஆகார். வைத்தியசாலையொன்றிற் சேர்ந்து 36 மாதப் பயிற்சி பெறுதல் வேண்டும். இப்பயிற்சியே 'றெசிடென்சி' எனப்படுவது. முதலாண்டினர் 'இன்ரேண்' எனப்படுவர். இரண்டாம் மூன்றாம் ஆண்டினர் அவரை வழிநடாத்தும் மூத்தோராவர். மூவாண்டும் நிறைந்தபின், 1936-ம் ஆண்டு நிறுவப்பட்ட அமெரிக்க உள்மருத்துவச் சபையின் பரீட்சையை எழுதுதற்கு உரிமை உண்டு. நம் நாட்டு வைத்தியசாலைகளில் உள்ளகப் பயிற்சி வைத்தியர், றெஜிஸ்திரார், சிரேஷ்ட றெஜிஸ்திரார், வைத்திய நிபுணர் என நிற்கும் வரிசையை மனத்திற் கொண்டால் இவ்வொழுங்கு எளிதில் விளங்கும். இரண்டும் ஒன்றல்ல; எனினும் நோக்கம் ஒன்றே.

அமெரிக்க வைத்தியக் கல்வி யாழ்ப்பாணத்தார்க்கு முற்றும் புதியதன்று. 1847-ம் ஆண்டு இங்கு வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் மானிப்பாயிலிருந்து நம்மவர்க்கு வைத்தியம் பயிற்றினார். வைத்திய நூல்களைத் தமிழிற் பெயர்த்து, வேண்டிய கலைச்சொற்களையும் ஆக்கினார். அவர் காட்டிய வழியைப் பின்பற்றி, 'றெசிடென்ற்' என்பவரை ஈண்டு உறைவிட வைத்தியர் என வழங்குவாம். வைத்தியசாலையையே உறைவிடமாகக் கொண்டு பயின்றமையால் வந்த பெயர் அது.

2. தோற்றம்

பால்ரிமோர் நகர வணிகர் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் 1873-ம் ஆண்டு இறந்தபொழுது, ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு வைத்தியசாலைக்குமாக எழுபது இலட்சம் டொலரை விட்டுச் சென்றார். அப்பொருளால் எழுந்த வைத்தியசாலை 1889-ம் ஆண்டு மே மாதந் திறக்கப்பட்டது. உள்மருத்துவத்துக்குத் தலைவராகக் கனடா நாட்டிற் பிறந்த வில்லியம் ஒஸ்லரும், சத்திரசிகிச்சைக்குத் தலைவராக வில்லியம் ஹால்ஸ்ரெட்டும் அமர்ந்தனர்.

அக்காலத்து அமெரிக்காவில் வைத்தியக் கல்வி பெரும்பாலும் விரிவுரை மண்டபத்தோடு முடிந்தது. பட்டம் பெற்றோர் பலர், நோயாளரோடு போதிய பழக்கமின்றியே ஊர்களுக்குச் சென்று தொழில் தொடங்கினர். ஒஸ்லர் ஜேர்மன் நாட்டு வைத்தியசாலைகளின் முறையைத் தழுவி, பட்டம் பெற்ற இளைஞரை ஆண்டுக்கணக்கில் வைத்தியசாலையிலேயே உறையச் செய்தார். இளையோர் நோயாளரை முதலிற் கண்டனர். அவர்க்கு மேல் மூத்தோரும், மூத்தோர்க்கு மேல் தலைமை உறைவிட வைத்தியரும், அனைவர்க்கும் மேல் ஒஸ்லரும் நின்றனர். காலம் செல்லச் செல்ல இளையோனுடைய பொறுப்புப் பெருகிற்று. 1893-ம் ஆண்டு ஹொப்கின்ஸ் வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டதும், அதன் மாணவரையும் அவர் நோயாளரின் கட்டிலருகே கொண்டு சென்றார். 1892-ம் ஆண்டு அவர் வெளியிட்ட பெருநூல் உலகெங்கும் வைத்திய மாணவர் கையில் விளங்கிற்று. 1905-ம் ஆண்டு ஒக்ஸ்போர்ட் சென்று, 1919-ம் ஆண்டு இறந்த அப்பெரியார், மாணவரை நோயாளர் விடுதியில் வைத்துக் கற்பித்தமையையே தம் வாழ்க்கையின் தலையாய பணியாகக் கருதினார்.

இம்முறையின் சிறப்பு வெளிப்படை. குறையும் உண்டு. உறைவிட வைத்தியர் மணவாழ்வைத் தள்ளிவைத்து, சொற்ப ஊதியத்துக்கோ ஊதியமின்றியோ, இரவுபகலென்னாது உழைத்தனர். எத்தனை ஆண்டிற் பயிற்சி முடியும் என்னும் வரையறையும் தொடக்கத்தில் இல்லை. ஒருவன் எப்பொழுது தகுதியடைந்தான் என்பதைத் தலைவர் ஒருவரே தீர்மானித்தார். தலைவர் ஒஸ்லரைப் போன்றவராயின் நன்று. எல்லா வைத்தியசாலைகளுக்கும் ஒஸ்லர் கிடைப்பரோ? கிடையார். ஆதலால் ஒருவர் நெஞ்சில் இருந்த அளவுகோலைப் பலர் கையாளக்கூடிய ஒழுங்காக மாற்றுதல் இன்றியமையாததாயிற்று. பயிற்சித் திட்டங்களை அங்கீகரித்து மேற்பார்க்கும் நாடளாவிய சபை 1981-ம் ஆண்டு தோன்றியது. இன்று தலைமைக் குழு என நாம் கூறுவது இம்மாற்றத்தின் பயனே.

3. குழுவின் உறுப்புக்கள்

இக்குழுவின் நடுநாயகமாக விளங்குபவர் திட்டப் பணிப்பாளர். உள்மருத்துவத் துறைத் தலைவர் அவர்க்கு மேற்பட்டவரேனும், பயிற்சிக்கு நேர்ப்பொறுப்பு உடையவர் பணிப்பாளரே. யாரைச் சேர்ப்பது, யாது கற்பிப்பது, எந்த விடுதியில் எவரை நிறுத்துவது, ஈற்றில் இவர் தனித்துத் தொழில் செய்யத் தக்கவரென யார்க்குக் கையொப்பமிடுவது என்பன அவர் கடமைகள். அக்கையொப்பம் எளியதன்று. தாம் ஒருபோதுங் காணாத ஊரில், தாம் ஒருபோதும் அறியாத நோயாளி ஒருவர்க்கு அவர் அளிக்கும் உறுதிமொழி அது.

பணிப்பாளருக்குத் துணையாக இணைப் பணிப்பாளர் சிலர் உளர். ஒருவர் விடுதிப் பயிற்சியையும், மற்றொருவர் வெளிநோயாளர் பயிற்சியையும், வேறொருவர் ஆராய்ச்சியையும் மதிப்பீட்டையும் பார்ப்பர். இவர்களோடு, பயிற்சிக்கெனத் தம் நேரத்தில் ஒரு பகுதியை ஒதுக்கிக் கொடுக்கும் ஆசிரிய வைத்தியரும் உளர்.

அடுத்தவர் தலைமை உறைவிட வைத்தியர். உள்மருத்துவத்தில் இவர் பெரும்பாலும் மூவாண்டுப் பயிற்சியை முடித்து, நான்காவதாக ஓராண்டு இப்பதவியில் அமர்பவர். நேற்று இவர் மாணவர், இன்று ஆசிரியர். கடமை நிரல் வகுத்தல், காலைக் கூட்டத்தில் முதல்நாள் வந்த நோயாளரைப் பற்றிய ஆராய்ச்சியை நடாத்துதல், நோயுற்ற தோழருக்குப் பதிலாளைத் தேடுதல், இளையோரின் குறையை மேலிடத்துக்கும் மேலிடத்தின் கருத்தை இளையோர்க்கும் எடுத்துரைத்தல் என்பன இவர் பணிகள். இரு கரைக்கும் இடைப்பட்ட பாலம் இவரே. பாலத்தின் மேல் இருபாலாரும் நடப்பர் என்பதையும் இவர் விரைவில் உணர்வர்.

ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் இப்பதவிக்குத் தனிச் சிறப்புண்டு. அங்கே 1975-ம் ஆண்டு உள்மருத்துவப் பிரிவு நான்கு சிறு குழாங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒஸ்லருக்குப் பின் அப்பிரிவின் தலைமையை வகித்த பார்க்கர், ஜேன்வே, தேயர், லோங்கோப் என்போரின் பெயர்களே அவற்றுக்கு இடப்பட்டன. ஒவ்வொரு குழாத்தையும் இளம் வைத்தியர் ஒருவர் ஓராண்டு தலைமை தாங்கி நடாத்துவர். பெரிய நிலையமொன்றில் இளையோன் பெயரற்றவனாய் மறைந்துபோகாமல், தன்னை அறிந்த ஒருவரின் கண்முன் வளர வேண்டும் என்பதே இப்பிரிவினையின் உட்கருத்து. பாடசாலைகளிலே மாணவரை இல்லங்களாகப் பிரித்து வைத்திருக்கும் நமக்கு இதன் நன்மையை விரித்துரைத்தல் வேண்டா.

இறுதியாகக் கூறத்தக்கவர், வைத்தியரல்லாத ஒருவர். அவர் திட்ட இணைப்பாளர். விண்ணப்பங்கள், பதிவேடுகள், மதிப்பீட்டுத் தாள்கள், வெளிநாட்டிலிருந்து வருவோரின் அனுமதிப் பத்திரங்கள் யாவும் அவர் கைவழியே செல்வன. வெளிநாட்டு வைத்தியப் பட்டதாரிகளின் தகுதியை ஆராய்ந்து சான்று வழங்கும் அமெரிக்க ஆணைக்குழு 1956-ம் ஆண்டு தோன்றியது முதல், பல நாட்டினரும் இப்பயிற்சியிற் சேர்ந்து வருகின்றனர். இலங்கையிலிருந்து சென்றோரும் அவருள் உளர். தாய்நாட்டை விட்டுச் சென்ற இளம் வைத்தியர்க்கு, அந்நாட்டில் முதலில் அறிமுகமாகும் குரல் பெரும்பாலும் இவ்விணைப்பாளருடையதே.

தெரிவு முறையையும் ஈண்டுக் குறித்தல் தகும். தலைமைக் குழுவினர் விண்ணப்பதாரரை நேர்முகங் கண்டு, தாம் விரும்பும் வரிசையில் அவர் பெயர்களை எழுதுவர். விண்ணப்பதாரரும் தாம் விரும்பும் வைத்தியசாலைகளை வரிசைப்படுத்துவர். இருசாராரின் விருப்பையும் கணித முறையால் இணைக்கும் இவ்வேற்பாடு 1952-ம் ஆண்டு தொடங்கியது. இத்தகைய பொருத்தங் காணும் ஆராய்ச்சிக்காகவும், இவ்வேற்பாட்டைத் திருத்தி அமைத்தமை போன்ற பணிகளுக்காகவும் அறியப்பட்ட அல்வின் ரொத் என்பார், 2012-ம் ஆண்டு பொருளியலுக்குரிய நோபெல் பரிசை மற்றொருவரோடு பகிர்ந்து பெற்றார். முடிவு மார்ச் மாதத்தில் வெளியாகும். ஜூலை முதலாந் திகதியளவிற் புதியோர் கடமை ஏற்பர்.

4. கையை விடும் அளவு

இனி, இக்குழுவின் உயிர்நிலையான கடமைக்கு வருவாம். நீந்தப் பழக்குவோன் முதலிற் சிறுவனின் வயிற்றின்கீழ்க் கையை வைத்துத் தாங்குவான். பின்னர் ஒரு விரலால் தாங்குவான். பின்னர் கையை எடுத்து அருகில் நிற்பான். ஈற்றிற் கரையேறி நின்று நோக்குவான். உறைவிட வைத்தியப் பயிற்சியிலும் மேற்பார்வை இவ்வாறே படிப்படியாகத் தளர்த்தப்படும். முதற்படியில் மூத்த வைத்தியர் உடனிருந்து பார்ப்பர். அடுத்த படியில் உடனில்லாவிடினும் அழைத்தவுடன் வழிகாட்ட ஆயத்தமாயிருப்பர். மூன்றாம் படியில் இளையோர் செய்து முடித்ததைப் பின்னர் ஆராய்ந்து கருத்துரைப்பர். எவர் எப்படியில் நிற்கின்றார் என்பதை ஆண்டுக் கணக்கு மட்டும் தீர்மானித்தலாகாது. ஒருவர் இருதய நோயில் மூன்றாம் படியினராயும் சிறுநீரக நோயில் முதற் படியினராயும் இருத்தல் கூடும்.

பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் மாணாக்கன் கல்வி நிரம்பும் வகையைக் கூறுமிடத்து, ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டவனும் புலமையிற் காற்பங்கே பெறுவான் என்றும், உடன்கற்போரோடு பயிலுதலால் மற்றொரு காற்பங்கு சேரும் என்றும், பிறர்க்கு உரைத்தலாலேயே எஞ்சிய அரைப்பங்கு நிரம்பும் என்றும் வகுத்துள்ளார். உறைவிட வைத்தியப் பயிற்சியின் அமைப்பை நோக்குவோர்க்கு இவ்விதியின் பொருள் புதிதாய் விளங்கும். விடுதியிலே மூத்த வைத்தியர் கற்பிப்பது காற்பங்கு. காலைக் கூட்டத்திலும் நண்பகற் கூட்டத்திலும் தோழரோடு வாதிடுவது காற்பங்கு. இரண்டாம் ஆண்டில் முதலாண்டினர்க்கும், முதலாண்டிலேயே வைத்திய மாணவர்க்கும் கற்பிப்பது அரைப்பங்கு. தலைமை உறைவிட வைத்தியர் பதவியோ அவ்வரைப்பங்கின் முழுமை.

இத்துணை ஒழுங்கும் சோதனைக்கு உள்ளாவது பகலிலன்று, இரவிலேயாம். நள்ளிரவு கழிந்து இரண்டு மணியென வைத்துக்கொள்வோம். முதலாண்டு வைத்தியர் ஒருவர் நோயாளி ஒருவரின் இரத்த அழுத்தம் குறைந்து செல்வதைக் காண்கின்றார். தாம் நினைத்த காரணஞ் சரிதானோ என்னும் ஐயம் அவர்க்கு உண்டு. தொலைபேசி அருகில் இருக்கின்றது. மூத்தவர் உறங்குகின்றார். எழுப்பலாமா? எழுப்பினால் இதுகூடத் தெரியாதா என்று ஏளனஞ் செய்வரோ? அந்நோயாளியின் உயிர் இப்பொழுது மருந்தைச் சார்ந்ததன்று. இவ்விளைஞரின் தயக்கத்தைச் சார்ந்தது. அத்தயக்கத்தை நீக்குவதும் வளர்ப்பதும் தலைமைக் குழுவினர் பகற்பொழுதிற் காட்டும் முகமே. வினவியவரைப் பலர்முன் நாணச்செய்த தலைவர், அந்நாளிரவே தம் நோயாளியைக் கைவிட்டவராவர். அழைத்தமைக்கு நன்றி கூறி வந்து நின்ற தலைவர், அடுத்த ஆண்டு வரப்போகும் இளைஞரையுங் கற்பித்தவராவர்.

5. தாங்கலும் தீர்ப்பும்

ஒருவரே தாயாகவும் நீதிபதியாகவும் இருத்தல் அரிது. இளையோன் தன் குறையை மனந்திறந்து கூறுதற்கு ஒருவர் வேண்டும். அவன் குறை நோயாளர்க்கு ஊறுவிளைக்குமாயின், இவன் இன்னும் தகுதியடைந்திலன் என்று கூறுதற்கும் ஒருவர் வேண்டும். இருவரும் ஒருவராயின் குறை மறைக்கப்படும். தலைமை ஒரு குழுவாய் அமைந்ததன் காரணம் பெரும்பாலும் இதுவே.

ஆதலால் ஒவ்வோர் உறைவிட வைத்தியருக்கும் ஆலோசகராக ஆசிரிய வைத்தியர் ஒருவர் நியமிக்கப்படுவர். தகுதியை ஆராய்தற்கோ வேறோர் அவை உண்டு. குறைந்தது ஆசிரியர் மூவரையேனும் கொண்ட அவ்வவை ஆண்டுக்கு இருமுறை கூடி, ஒவ்வொருவரின் வளர்ச்சியையும் ஆராயும். 1999-ம் ஆண்டு வகுக்கப்பட்ட ஆறு திறன்கள் அதற்கு அளவுகோல். அவையாவன: நோயாளரைப் பேணல், வைத்திய அறிவு, தன் செயலை ஆராய்ந்து திருந்துதல், பிறரோடு பேசிப் பழகும் ஆற்றல், தொழில் ஒழுக்கம், வைத்தியசாலை என்னும் பேரமைப்பை உணர்ந்து செயலாற்றல் என்பன. வைத்திய அறிவு இவ்வாறனுள் ஒன்றேயாதல் கவனிக்கத்தக்கது. பரீட்சையில் முதல்வராய் விளங்கியவரும், தாதியரை மதியாதவராயின், ஈண்டுக் குறையுடையவரே. அவையின் கருத்தைக் கேட்டபின் இறுதி முடிவு கூறும் பொறுப்புப் பணிப்பாளருடையது. முடிவு கசப்பானதாயின் வாளா விலக்கிவிடார். குறை இன்னதெனச் சுட்டி, கால எல்லை வகுத்துத் திருந்த வழிசெய்வர்.

அளத்தல் ஒருபக்கத்தது மட்டுமன்று. உறைவிட வைத்தியரும் தம் ஆசிரியரைப் பற்றி மறைவாகக் கருத்துரைப்பர். அங்கீகாரச் சபையும் ஆண்டுதோறும் அவர்களிடம் வினாத்தாள் அனுப்பி, பயிற்சியின் நிலையை நேரே கேட்டறியும். அளப்போரும் அளக்கப்படும் இடத்திலேயே தலைமை நேர்மையுடன் நிற்கும்.

6. களைப்பின் வரலாறு

இக்குழுவினர் மறந்த ஒன்றை நாடு நினைவூட்டிய வரலாறும் உண்டு. 1984-ம் ஆண்டு மார்ச் மாதம், நியூயோர்க் நகர வைத்தியசாலை ஒன்றில் லிபி சயன் என்னும் பதினெட்டு வயது மங்கை காய்ச்சலுடன் சேர்க்கப்பட்டு, மறுநாட் காலையில் இறந்தாள். இரவிலே அவளைக் கவனித்தவர் பயிற்சியிலிருந்த இளம் வைத்தியர் இருவர். மூத்த வைத்தியருடன் தொடர்பு தொலைபேசி வழியே நிகழ்ந்தது. பத்திரிகையாளராகிய தந்தையார் இவ்விறப்பை நாடறியச் செய்தார். ஆராய்ந்த நடுவர் குழு இளம் வைத்தியர்மேற் குற்றவழக்குத் தொடுக்கவில்லை. நெடுநேரம் உறக்கமின்றி, போதிய மேற்பார்வையுமின்றி அவர்களை நிறுத்திய முறையையே குறைகூறிற்று. அதன் பயனாக நியூயோர்க் மாநிலம் 1989-ம் ஆண்டு, கிழமைக்கு 80 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கலாகாதென விதித்தது.

2003-ம் ஆண்டு ஜூலை மாதம் அங்கீகாரச் சபை இவ்வெல்லையை நாடு முழுவதற்கும் விதித்தது. நான்கு கிழமைகளின் சராசரி கொண்டு 80 மணித்தியாலங் கணக்கிடப்படும். ஏழுநாளில் ஒருநாள் ஓய்வு வேண்டும். அதே ஆண்டில் வியப்புக்குரிய செய்தியொன்று வெளியாயிற்று. இவ்வெல்லையை மீறியமைக்காக, இம்முறைக்கே பிறப்பிடமாகிய ஹொப்கின்ஸ் வைத்தியசாலையின் உள்மருத்துவப் பயிற்சிக்குரிய அங்கீகாரத்தை நீக்கப்போவதாக அச்சபை அறிவித்தது. திருத்தங்கள் செய்யப்பட்ட பின்னரே அங்கீகாரம் நிலைத்தது. பழம்பெருமை ஒரு நிலையத்துக்கு அணியாகலாம்; விலக்கு ஆகாது என்பது அன்று யாவர்க்கும் விளங்கிற்று.

எனினும், மணிக்கணக்கு ஒன்றே மருந்தாகுமோ? 2011-ம் ஆண்டு முதலாண்டினர் தொடர்ந்து 16 மணித்தியாலத்துக்கு மேல் நிற்கலாகாதென விதிக்கப்பட்டது. அப்பொழுது வேறோர் இடர் தலைகாட்டிற்று. ஒருவர் சென்று மற்றொருவர் வருந்தோறும் நோயாளரின் செய்தி கைமாறுகின்றது. கைமாறுமிடத்து ஏதேனும் ஒன்று சொல்லப்படாது விடுபடலாம். நோய் தொடங்கியது முதல் திரும்பியது வரை ஒரே கண் நோக்கியறியும் பயனும் குறைகின்றது. 2017-ம் ஆண்டு அவ்விதி தளர்த்தப்பட்டு, முதலாண்டினரும் மற்றையோரைப் போலத் தொடர்ந்து 24 மணித்தியாலம் வரை கடமையில் நிற்க இடமளிக்கப்பட்டது. பொறுப்பைக் கையளித்தற்கும் கல்விக்குமாக மேலும் நான்கு மணித்தியாலம் வரை விடப்பட்டது. கிழமைக்கு 80 என்னும் எல்லை மாறவில்லை. அத்தோடு, இளையோரின் உடல்நலத்தையும் மனநலத்தையும் பேணுதல் பயிற்சி நடாத்துவோரின் கடமையென வலியுறுத்தப்பட்டது.

இவ்வரலாற்றால் அறியத்தக்கது யாது? விதி வகுத்தல் எளிது. விதியை உயிருள்ளதாய் நடாத்துதல் அரிது. எழுதிய மணிக்கணக்குப் பொய்யாகாது காத்தலும், கைமாறுஞ் செய்தி குறையாது வரும் ஒழுங்கைப் பழக்குதலும், சோர்ந்த முகத்தைக் கண்டு தாமே வினவுதலும் தலைமைக் குழுவின் அன்றாடப் பணிகள். நோயாளி இறந்தவிடத்து, குற்றவாளியைத் தேடாது காரணத்தைத் தேடும் கூட்டமொன்றை அவ்வைத்தியசாலைகள் தவறாது நடாத்துகின்றன. அங்கே மூத்தவர் எழுந்து தம் தவற்றைத் தாமே கூறுவாராயின், இளையோர் அன்று கற்பது எந்நூலிலுங் கிடையாத பாடம்.

7. முடிபு

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவாம். ஒஸ்லர் தந்தது ஓர் ஏணி. கற்போன் கற்பிப்போனாய் ஏறும் ஏணி அது. ஒருவர் கையிலிருந்த அவ்வேணியைப் பலர் சேர்ந்து பிடிக்கச் செய்தது பின்வந்தோர் பணி. பணிப்பாளர் முடிவு கூறுவார், துணைவர் கற்பிப்பர், ஆலோசகர் கேட்பர், தலைமை உறைவிட வைத்தியர் இடைநின்று இணைப்பர், இணைப்பாளர் ஒழுங்கைக் காப்பர். இவர் யாவரும் சேர்ந்து விடைகாணும் வினா ஒன்றே: இவ்விளைஞரை இந்நோயாளியிடம் இன்று எவ்வளவு தூரம் தனியே விடலாம்?

திருவள்ளுவர் பொருட்பாலிலே தெரிந்து தெளிதல் என ஓர் அதிகாரம் வகுத்தார். ஆராயாது நம்புதலும், ஆராய்ந்து நம்பியவனை மீண்டும் ஐயுறுதலும் ஆகிய இரண்டுமே தீராத் துன்பந் தரும் என்பது அவர் கருத்து. அரசனுக்குக் கூறிய அவ்வறம் ஆசிரியனுக்கும் முற்றும் பொருந்தும். ஆராய்தற்கு நுண்ணறிவு வேண்டும். நம்பிக் கையை விடுதற்குத் துணிவு வேண்டும். விட்டபின்னும் அழைத்தால் ஓடிவருதற்கு அன்பு வேண்டும்.

வைத்தியராக எண்ணும் மாணவர்காள், பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சையோடு கல்வி முடியுமென்று கருதற்க. உங்கள் கல்வியின் பெரும்பங்கு நோயாளரின் கட்டிலருகே காத்திருக்கின்றது. ஐயம் எழுந்தவிடத்து வினவ நாணாத வழக்கத்தை இவ்வகுப்பறையிலேயே பழகிக்கொள்வீராக. ஆசிரியர்களே, இன்று வினவும் மாணவனை நாம் எவ்வாறு நோக்குகின்றோமோ அவ்வாறே நாளை அவன் நள்ளிரவில் நடந்துகொள்வான். வைத்தியராய் விளங்கும் பழைய மாணவப் பெரியோரே, நும்மிடம் பயிலும் இளையோருள் ஒருவர் இன்றிரவு நும்மை அழைத்தற்குத் தயங்குதல் கூடும். அத்தயக்கத்தை நீக்குஞ் சொல்லொன்றை அவர்க்கு முன்கூட்டியே சொல்லி வைப்பீராக.